74 வயது அம்மாவுடன் ஐரோப்பா: எத்தனை ஊர்கள், எத்தனை படிகள்?

நங்கநல்லூர் மகள்:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூன் மாதத்தில் என் அம்மாவை ஐரோப்பாவுக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். அவருக்கு 74 வயது. மாநகராட்சிப் பள்ளியில் புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் என்பதால், சமதளத்தில் அரை மணி நேரம் நிம்மதியாக நடப்பார். படி என்றால் ஒவ்வொன்றாக, கைப்பிடியைப் பற்றிக்கொண்டுதான் ஏற முடியும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் மாத்திரையில் கட்டுக்குள் இருக்கின்றன. சுத்த சைவம்.

நான் முதலில் எழுதிப் பார்த்த திட்டத்தில் பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், லூசெர்ன், வெனிஸ், புளோரன்ஸ், ரோம் என்று ஏழு ஊர்கள் இருந்தன. 16 இரவுகள் கைவசம் உள்ளன. இவ்வளவு செலவு செய்து போகும்போது எதையும் விட்டுவிடக் கூடாது என்று ஒரு மனம் சொல்கிறது. அம்மாவின் முழங்காலை நினைத்தால் இன்னொரு மனம் தயங்குகிறது. வயதான பெற்றோருடன் சென்று வந்தவர்கள் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பெரம்பூர் ரயில்வே ஓய்வூதியர்:

சகோதரி, ஊர்களின் எண்ணிக்கையை எண்ணாதீர்கள். பெட்டி கட்டும் நாள்களை எண்ணுங்கள். ஏழு ஊர்கள் என்றால் ஆறு முறை பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, ரயில் நிலையம் போய், நடைமேடையைத் தேடி, இறங்கி, அடுத்த விடுதியில் மதியம் 3 மணிவரை அறைக்காகக் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு நாள்களும் வீடு மாற்றுகிற நாள் மாதிரிதான் கழியும். உங்களுக்கு அது அரை நாள் இழப்பு. அம்மாவுக்கு அது முழு நாள் இழப்பு, மறுநாள் காலையிலும் அசதி மிச்சமிருக்கும்.

என் மனைவியோடு சென்று வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மூன்று ஊர்களில் மட்டும் தங்குங்கள். மற்றதை, காலையில் போய் மாலையில் திரும்பும் பயணங்களாக வைத்துக்கொள்ளுங்கள். மழையோ முழங்கால் வலியோ வந்தால் அந்தப் பயணத்தை எந்த நஷ்டமும் இல்லாமல் கைவிடலாம் என்பதே இதிலுள்ள பெரிய வசதி. விடுதி மாறும் நாளில் அப்படிக் கைவிட முடியாது.

என் தேர்வு பாரிஸ், லூசெர்ன், வியன்னா. பாரிஸிலிருந்து பாசெல் நகருக்கு அதிவேக ரயிலில் ஏறக்குறைய 3 மணி நேரம், அங்கிருந்து லூசெர்னுக்கு ஒரு மணி நேரம். சுவிட்சர்லாந்திலிருந்து வியன்னாதான் தூரம்: சூரிக்கிலிருந்து நேரடி ரயிலிலேயே எட்டு மணி நேரத்தை நெருங்கும். அதை ஒரே மூச்சில் போக வேண்டாம். வழியில் சால்ஸ்பர்க்கில் இரண்டு இரவுகள் தங்கினால், அங்கிருந்து வியன்னா இரண்டரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். விமானம் வேகம்தான், ஆனால் நிலையத்துக்குப் போவது, சோதனை, நீண்ட நடை எல்லாவற்றையும் கூட்டினால் வயதானவருக்கு ரயிலே மேல். நான் ரயில்வேக்காரன் என்பதால் அப்படிச் சொல்கிறேன் என்று நீங்கள் நினைத்தாலும் பரவாயில்லை.

ரயிலில் கவனிக்க வேண்டியது கதவு. பல பெட்டிகளில் நடைமேடைக்கும் வாசலுக்கும் இடையே ஒன்றிரண்டு குறுகிய படிகள் இருக்கும். வண்டி சில நிமிடங்களே நிற்கும். அம்மா ஏறிக் கைப்பிடியைப் பற்றிய பிறகு நீங்கள் பெட்டியை ஏற்றுங்கள். ஆளுக்கு ஒரு சிறிய பெட்டி என்பதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஏறி இறங்க உதவி தேவையென்றால், ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி பொதுவாக 24 மணி நேரத்துக்கு முன்பே ரயில் நிறுவனத்துக்குத் தெரிவித்தால் ஆள் அனுப்புவார்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

திருவான்மியூர் மருமகள்:

பெரியவர் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் எனக்கு வேறு கருத்து உண்டு. என் மாமியாரைச் சென்னையிலிருந்து புறப்பட்ட ஒரு குழுச் சுற்றுலாவில் அழைத்துச் சென்றோம். விடுதி வாசலில் பேருந்து, உடன் வரும் சமையல்காரர், இரவில் ரசம் சாதம், பேச்சுத் துணைக்கு அவர் வயதையொத்த நான்கு பெண்கள். பெட்டியைத் தூக்குவது, பாதை தேடுவது என்ற கவலையே எங்களுக்கு இல்லை. தனியாகத் திட்டமிட்டுச் செல்லும் மகனோ மகளோ நாள் முழுவதும் கைப்பேசி வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், அம்மாவோடு பேசுவதற்கு நேரம் எங்கே இருக்கும்?

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. காலை ஆறு மணிக்கு எழுப்பிவிடுவார்கள். பழைய நகரப் பகுதிகளுக்குள் பேருந்து போகாது என்பதால், இறக்கிவிடும் இடத்திலிருந்து நடைதான். பின்தங்கி நடந்துவரும் ஒருவருக்காக நாற்பது பேர் காத்திருக்கும்போது, அந்த ஒருவருக்கு ஏற்படும் கூச்சம் இருக்கிறதே, அதைத்தான் என் மாமியார் வீடு திரும்பிய பின்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரம்பூர் ரயில்வே ஓய்வூதியர்:

நீங்கள் கடைசியில் சொன்னதே என் வாதத்துக்கும் போதுமானது, அம்மா. துணையும் சாப்பாடும் குழுவில் கிடைக்கும். நின்று மூச்சு வாங்கும் உரிமை கிடைக்காது. நன்றாக நடக்கக்கூடிய, கூட்டத்தை விரும்பும் பெரியவர்களுக்குக் குழுப் பயணத்தை நானே பரிந்துரைப்பேன். இவர் அம்மாவின் முழங்காலுக்கு அது பொருந்தாது.

ஆழ்வார்பேட்டை கணக்காளர்:

விசாவைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவை, எந்த நாட்டில் அதிக நாள்கள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும். நாள்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம் கேட்க வேண்டும். ஆகவே திட்டத்தை முடிவு செய்யாமல் சந்திப்பு நேரம் எடுக்காதீர்கள். பயணத்துக்கு 6 மாதங்களுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாள்களுக்கு முன் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. ஆனால் கோடை விடுமுறைக்குச் சென்னையில் சந்திப்பு நேரம் கிடைப்பதே கடினம் என்பதால் பிப்ரவரியிலேயே தொடங்குவது நல்லது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. வயதுக்காகச் சலுகை கிடையாது. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

அம்மாவின் பெயரில் ஓய்வூதிய ஆணை, வங்கிக் கணக்கு விவரம், செலவை நீங்கள் ஏற்பதாக ஒரு கடிதம், உறவை நிறுவும் சான்று ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். பாஸ்போர்ட்டை எடுத்து ஒரு முறை பாருங்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்குக் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும், அல்லது இனிஷியலை விரித்துக் கணவர் பெயர் அங்கே இருக்கும். விமானச் சீட்டு, காப்பீடு, விசா விண்ணப்பம் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒரே மாதிரி இருக்க வேண்டும். காலியாக இருந்தால், விமான நிறுவனத்திடம் கேட்டு அவர்கள் சொல்லும் முறையில் பதிவு செய்யுங்கள்.

கைரேகைக்கு அம்மா நேரில் வர வேண்டும். வயதானவர்களின் ரேகை தேய்ந்திருக்கும், இரண்டு மூன்று முறை எடுப்பார்கள், பதற வேண்டாம் என்று முன்பே சொல்லி வையுங்கள். அங்கே இறங்கியதும் எல்லையில் முகப்படம் எடுப்பார்கள், ரேகையை விசாவுக்குக் கொடுத்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த புதிய பதிவு முறை அது. வரிசை நீளமாக இருக்கலாம், அதற்காகவாவது விமான நிலையச் சக்கர நாற்காலி உதவியைக் கேட்டு வாங்குங்கள்.

பெசன்ட் நகர் வாசகி:

ஊரை முடிவு செய்வதைவிடக் குளியலறையை முடிவு செய்வது முக்கியம் என்பேன். ஐரோப்பிய விடுதிகள் பலவற்றில் தொட்டிக்குள் நின்றுதான் குளிக்க வேண்டும். தொட்டியின் விளிம்பு ஏறக்குறைய முழங்கால் உயரம் இருக்கும். ஒரு காலைத் தூக்கி உள்ளே வைக்கும் வேளையில் மற்றொரு கால் ஈரத் தரையில் இருக்கும், பிடிப்பதற்குக் கம்பி இருக்காது. மூட்டு மாற்றியவருக்கு இதைவிட ஆபத்தான இடம் அந்தக் கண்டத்திலேயே கிடையாது. தரைமட்ட ஷவர் உள்ள அறை வேண்டும் என்று விடுதிக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கிவிட்டுப் பணம் கட்டுங்கள். நழுவாத ரப்பர் விரிப்பு ஒன்றையும், ஒரு பிளாஸ்டிக் மக்கையும் பெட்டியில் வையுங்கள். மக் எதற்கு என்று நான் விளக்க வேண்டியதில்லை.

லிப்ட் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது, தெருவிலிருந்து லிப்ட்வரை படிகள் உண்டா என்றும் கேளுங்கள். பாரிஸின் பழைய கட்டடங்களில் ஆறு படி ஏறிய பிறகுதான் லிப்ட் வரும். அதிலும் ஒருவரும் ஒரு பெட்டியும்தான் அடங்கும். ஜூனில் வெப்ப அலை வந்தால் ஏ.சி. இல்லாத அறை வேக வைத்துவிடும் என்பதையும் மறக்காதீர்கள். பாரிஸில் அம்மாதத்தில் இரவு பத்து மணியை ஒட்டித்தான் சூரியன் மறையும். கெட்டியான திரையில்லாத அறையில் பெரியவர்களுக்குத் தூக்கம் வருவது கடினம்.

பாரிஸில் மெட்ரோவை மறந்துவிடுங்கள். 14ஆம் வழித்தடம் ஒன்றுதான் முழுவதும் லிப்ட் வசதி கொண்டது. மற்றவற்றில் படிகள், மாறும் இடங்களில் நீண்ட சுரங்க நடை. பேருந்துகள் தாழ்தளப் பேருந்துகள். 69ஆம் எண் பேருந்து ஈபிள் கோபுரத்தின் பக்கத்திலிருந்து லூவ்ர் அருங்காட்சியகம் வழியாக பாஸ்டீல் சதுக்கம்வரை செல்கிறது. ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே ஊரில் பாதியைப் பார்த்துவிடலாம். லூவ்ரில் சக்கர நாற்காலியை இலவசமாகக் கொடுக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை அது மூடியிருக்கும். வியன்னாவில் நிலைமை நேரெதிர்: சுரங்க ரயில் நிலையங்கள் அனைத்திலும் லிப்ட் உண்டு. பெரியவர் தன் பட்டியலில் வெனிஸைச் சேர்க்காதது சரி. அங்கே பெரும்பாலான பாலங்கள் படிப்பாலங்கள். ஏறி இறங்காமல் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போக முடியாது.

திருவான்மியூர் மருமகள்:

சாப்பாட்டைப் பற்றியும் ஒன்று. நெய், பால்கோவா, மைசூர்பாகு, தயிர் எதையும் கட்டிக்கொண்டு போகாதீர்கள். வெளிநாடுகளிலிருந்து பயணிகள் பால், இறைச்சிப் பொருள்களைக் கொண்டுவருவதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை உண்டு. பச்சைக் கறிவேப்பிலைக்கும் அனுமதிச் சான்று கேட்பார்கள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், வறுத்த ரவை, அரிசி இவை போதும். தயிர் அங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும். சமையலறை உள்ள அறையாக லூசெர்னில் மட்டுமாவது எடுங்கள், அங்கே வெளிச்சாப்பாட்டின் விலை மனத்தைச் சுடும். பாரிஸில் கவலையே இல்லை. கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் லா ஷபேல் பகுதியில் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக உள்ளன. தமிழிலேயே பெயர்ப்பலகை, தமிழிலேயே பேச்சு, இட்லி தோசை எல்லாம் உண்டு. அருகிலேயே மாணிக்க விநாயகர் ஆலயமும் இருக்கிறது.

நங்கநல்லூர் மகள்:

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு அட்லஸை மேசையில் விரித்து வைத்து, அம்மாவிடம் எதைப் பார்க்க விரும்புகிறார் என்று கேட்டேன். ஈபிள் கோபுரம் என்பார் என்று நினைத்திருந்தேன். அவர் விரல் ஆல்ப்ஸில் தொடங்கி ரைன் நதி வழியாக மேலே போயிற்று. பணியில் இருந்த காலம் முழுவதும் கரும்பலகையில் வரைந்த ஆறு அது. அதன் கரையில் ஒரு நாள் உட்கார வேண்டும், பனிமலையை ஒரு முறை கண்ணால் பார்க்க வேண்டும், மற்றதெல்லாம் உன் விருப்பம் என்றார். ஆம்ஸ்டர்டாமும் ரோமும் அவர் பட்டியலில் எங்கும் இல்லை.

எனவே பாரிஸ் 4 இரவுகள், லூசெர்ன் 6, சால்ஸ்பர்க் 2, வியன்னா 4 என்று மாற்றியிருக்கிறேன். சால்ஸ்பர்க்கும் வியன்னாவும் உள்ள ஆஸ்திரியாவும், லூசெர்ன் உள்ள சுவிட்சர்லாந்தும் ஆறு ஆறாகச் சமமாகின்றன. முதலில் நுழைவதோ பிரான்ஸ். இதில் விசா யாரிடம் கேட்பது? பனிமலைக்கு, சுவிட்சர்லாந்தில் மலை ரயிலில் ஏறிச் செல்லும் யுங்ஃபிராயோக் செல்லலாமா? சக்கர நாற்காலி என்ற சொல்லைக் கேட்டாலே அம்மாவின் முகம் மாறுகிறது, அதற்கு என்ன செய்வது?

ஆழ்வார்பேட்டை கணக்காளர்:

வியன்னாவில் ஓர் இரவைக் குறைத்து லூசெர்னில் சேர்த்துவிடுங்கள். சுவிட்சர்லாந்து 7 ஆகிவிடும், அங்கேயே விண்ணப்பிக்கலாம், யாரும் கேள்வி கேட்க இடமிருக்காது.

பெரம்பூர் ரயில்வே ஓய்வூதியர்:

உங்கள் அம்மாவை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. ரைனைப் பார்க்க இரண்டு வழிகள் உண்டு, இரண்டுமே உங்கள் பாதையில் இருக்கின்றன. பாரிஸிலிருந்து வரும் நாளில் பாசெலில் இறங்கி, பெட்டிகளை நிலையத்தின் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, டிராமில் ஆற்றங்கரைக்குப் போங்கள். அங்கே இயந்திரம் இல்லாத படகுகள் ஓடுகின்றன. ஆற்றின் குறுக்கே கட்டிய கம்பியில் படகைப் பிணைத்திருப்பார்கள். படகுக்காரர் அதைச் சற்றே சாய்த்துத் திருப்ப, நீரோட்டமே அக்கரைக்குத் தள்ளிவிடும். நின்று கவனித்தால் விசைகளின் பாடம் முழுவதும் அதில் தெரியும். படகுத் துறையில் இறங்கப் படிகள் உண்டு; அம்மாவுக்கு அது முடியாது என்று தோன்றினால், நடுப்பாலத்தின் மேலிருந்தே ஆற்றைப் பார்க்கலாம். மாலை ரயிலில் லூசெர்ன் போய்விடலாம்.

மற்றொன்று, லூசெர்னிலிருந்து சூரிக் வழியாக ஷாஃப்ஹவுசன் பக்கம் உள்ள ரைன் அருவி. உயரம் 23 மீட்டர்தான், நம் குற்றாலத்தைவிடக் குறைவு. ஆனால் அகலம் 150 மீட்டர். முழு ஆறும் ஒரேயடியாக விழுகிறது. நொய்ஹவுசன் கரையில் சமதளத்தில் நின்றே பார்க்கலாம். ஜூனில் பனி உருகி வரும் நீரால் ஆறு பெருகியிருக்கும்.

பனிமலைக்கு நான் ரிகி மலையைச் சொல்வேன். லூசெர்ன் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே படகுத் துறை. அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் படகுப் பயணத்தில் விட்ஸ்நாவ். அங்கிருந்து 1871இல் திறக்கப்பட்ட, ஐரோப்பாவின் முதல் பற்சக்கர மலை ரயிலில் உச்சிவரை போகலாம். உயரம் 1,798 மீட்டர்தான். ஜூனில் ரிகியின் மேல் பனி இருக்காது, ஆனால் எதிரே பனி மூடிய ஆல்ப்ஸ் தொடர் வரிசையாகத் தெரியும். சுவிட்சர்லாந்தின் ரயில், பேருந்து, படகுகளுக்கான பொதுச் சீட்டான சுவிஸ் டிராவல் பாஸ் இருந்தால் படகும் மலை ரயிலும் அதிலேயே அடக்கம். காலையில் மலையுச்சியின் நேரலைக் கேமராவைப் பார்த்து, மேகம் இல்லையென்றால் மட்டும் கிளம்புங்கள். ஏழு இரவுகள் ஓர் ஊரில் இருப்பதன் பயன் அங்கேதான் தெரியும்.

தாம்பரம் மருத்துவர்:

நான் பொது மருத்துவராகப் பணிபுரிகிறேன்; உங்கள் அம்மாவைப் பரிசோதித்தவர் சொல்வதே இறுதியானது என்ற எச்சரிக்கையுடன் எழுதுகிறேன். யுங்ஃபிராயோக் 3,454 மீட்டர். அந்த உயரத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு அளவே கிடைக்கும். சில மணி நேரத்தில் அங்கு ஏறிவிடுவதால் உடல் பழகுவதற்கு அவகாசமும் இல்லை. இதய, நுரையீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. ரிகி பெரும்பாலோருக்குத் தொந்தரவு தராது.

பயணத்தில் நான் அதிகம் பார்க்கும் சிக்கல் வேறு. கழிப்பறைக்குப் பயந்து வயதான பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையில் நீர் பிரியும் மருந்து இருந்தால் அதையும் அன்று விட்டுவிடுவார்கள். பிறகு மயக்கம், கால் தசைப்பிடிப்பு, சிறுநீர்த் தொற்று என்று வரிசையாக வரும். ரயில் நிலையங்களில் கழிப்பறைக்குக் கட்டணம் உண்டு, சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களாகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அழைத்துச் செல்லுங்கள். அவராகக் கேட்க மாட்டார். மாத்திரைகளை அட்டையோடு, மூலப்பெயர் (நிறுவனப் பெயரல்ல, மருந்தின் பெயர்) எழுதிய மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள், சரக்குப் பெட்டியில் வேண்டாம். காப்பீடு எடுக்கும்போது சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் மூட்டு அறுவை சிகிச்சையையும் மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு என்ன தருவார்கள் என்ற பத்தியைத்தான் முதலில் படிக்க வேண்டும். விலை குறைந்த காப்பீடுகள் பலவற்றில் அது உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டும் என்று சுருங்கியிருக்கும். ஐரோப்பா முழுவதும் அவசர எண் 112.

பெசன்ட் நகர் வாசகி:

சக்கர நாற்காலியைப் பற்றி: அது நோயாளிக்கானது என்று சொல்லாமல், குடியேற்ற வரிசையில் ஒரு மணி நேரம் நிற்பதைத் தவிர்க்கும் வழி என்று சொல்லிப் பாருங்கள். என் தந்தை அந்தக் காரணத்துக்கு உடனே சம்மதித்தார். சீட்டு வாங்கும்போதே பதிவு செய்துவிடுங்கள். தாமதமானாலும் 48 மணி நேரத்துக்கு முன்பாவது தெரிவிக்க வேண்டும். ஊருக்குள் அதைத் திணிக்க வேண்டாம். விரித்தால் இருக்கையாகும் கைத்தடி ஒன்று போதும்.

நங்கநல்லூர் மகள்:

அந்தக் காரணம் பலித்துவிட்டது. வரிசையில் நிற்பதற்குச் சக்கர நாற்காலியே மேல் என்று அம்மா சொல்லிவிட்டார். லூசெர்ன் 7 இரவுகள், வியன்னா 3 என்று மாற்றிவிட்டேன். இனி விமானம்தான் பாக்கி. சென்னையிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு நேரடி விமானத்தில் போய் அங்கிருந்து பாரிஸ் செல்வதா, வளைகுடா வழியாக இரண்டாகப் பிரித்துச் செல்வதா? நேர வேறுபாட்டில் மாத்திரை வேளைகளை எப்படி மாற்றுவது?

தாம்பரம் மருத்துவர்:

பத்து மணி நேரம் ஒரே இருக்கையில் மடங்கியிருப்பதைவிட, நடுவில் இறங்கி நடப்பது மூட்டு மாற்றியவருக்கு நல்லது. துபாய் வழியாகப் போனால் முதல் பகுதி நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல், இரண்டாவது ஏழு மணி நேரம் அளவில் அமையும். இடைவெளி மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். நடைபாதையோர இருக்கை எடுங்கள். காலில் இரத்தம் உறையாமல் இருக்க அணியும் இறுக்கமான கால் உறை தேவையா என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். பாரிஸில் இறங்கி வியன்னாவிலிருந்து திரும்பும் வகையில் ஒரே சீட்டாக வாங்கிவிட்டால், பின்னோக்கிப் பயணம் செய்ய வேண்டியிருக்காது.

ஜூனில் நேர வேறுபாடு மூன்றரை மணி நேரம். சர்க்கரை மாத்திரையை அங்குள்ள உணவு வேளையோடு சேர்த்துக் கொடுங்கள். சாப்பிடாமல் மாத்திரை மட்டும் போடுவதுதான் கூடாது. ஒரு நாளைக்கு ஒரு முறை போடும் மாத்திரை மூன்றரை மணி நேரம் தள்ளிப்போவதால் பொதுவாகத் தொந்தரவு வருவதில்லை. ஆனாலும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் வேளையையும் ஒரு தாளில் எழுதி, கிளம்புவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன் அவருடைய மருத்துவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளின் நகல் ஒன்று அம்மாவின் கைப்பையிலும் இருக்கட்டும்.